கொரோனாவும் இதயமும்: காய்ச்சல் நீங்கிய பின்னும் கவனம் தேவை



கொரோனா என்றதும் நம் நினைவுக்கு வருவது நுரையீரலும் மூச்சுத் திணறலும்தான். ஆயினும் அக்கிருமி இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் தாக்க வல்லது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று உலகளாவிய அவசர நிலையை விலக்கிக்கொண்டது. ஆனால் கிருமி நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. ஆகவே இதனை நாம் அறிந்திருப்பது அவசியமாகிறது.

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று போர்த்தியுள்ளது. இரத்தம் உறையாமல் ஓடுவதற்கும், குழாய் தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவதற்கும் இப்படலம் துணை நிற்கிறது. கொரோனாக் கிருமி 'ஏசிஇ-2' என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குள் நுழைகிறது. அப்புரதம் நுரையீரலில் மட்டுமன்றி இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் உண்டு. நோய்த்தொற்றாலும், அதனை எதிர்த்து உடலில் எழும் அழற்சியாலும் இப்படலம் பழுதடைகிறது. இரத்தம் எளிதில் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம். காலில் உண்டாகி நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு இதயத் தசையே அழற்சியுற்று வலுவிழக்கிறது.

ஸ்வீடன் நாட்டில் 86,742 நோயாளிகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான முடிவின்படி, நோய் கண்ட முதல் வாரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு 3 முதல் 8 மடங்கு வரை கூடியிருந்தது. அமெரிக்காவில் தொற்றுக்கு ஆளான 1,53,760 முன்னாள் படைவீரர்களை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்டனர். தொற்று வராதவர்களைவிட அவர்களுக்கு மாரடைப்பு 63 சதவீதமும், பக்கவாதம் 52 சதவீதமும், இதயச் செயலிழப்பு 72 சதவீதமும் அதிகம். மருத்துவமனையில் சேராமல் குணமடைந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆபத்தின் அளவுதான் அவர்களுக்குக் குறைவு.

இளைஞர் ஒருவர் திடீரென மரணமடைந்தால், "தடுப்பூசியால்தான்" என்ற பேச்சு எழுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் காரணம் புலப்படாத 729 திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அத்தகைய மரணத்தை அதிகரிக்கவில்லை என்றும், 2 தவணை செலுத்தியோருக்கு ஆபத்து குறைந்திருந்தது என்றும் அது கூறியது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, மிதமிஞ்சிய மது, திடீர்க் கடும் உழைப்பு ஆகியவையே ஆபத்தைக் கூட்டின. தடுப்பூசியால் வெகு சிலருக்கு இரத்தம் உறைந்ததும் உண்மையே. ஆனால் அந்த அரிய விளைவைக் காட்டிலும் நோய் இழைத்த தீங்கு மிகப் பெரிது.

எனவே நாம் செய்ய வேண்டுவன சில உண்டு. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள், குறிப்பாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேனும் அவற்றை முறையாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. சற்று நடந்தாலே மூச்சு வாங்குதல், காரணமின்றிப் படபடப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும். புகைப்பழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்.

அனைத்திலும் முக்கியமானது ஒன்று. நெஞ்சு வலித்தால் அதை வாயுக் கோளாறு என்று எண்ணிக் கஷாயம் குடித்து விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அடைபட்ட தமனியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிந்துகொண்டே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இன்றி, வியர்வையும் களைப்பும் மட்டுமே அறிகுறியாகலாம். பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பெரியவர்கள் வலியை மறைக்கவும் கூடாது. நள்ளிரவாயினும் 108-ஐ அழையுங்கள்.

இச்செய்தியை நம் மஹல்லாவின் ஒவ்வொரு இல்லத்திற்கும் கொண்டு சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.