புசல்லாவையிலிருந்து கீழைக் கடல் வரை

துவிச்சக்கர வண்டி சமதரைக்கு உரியது என்னும் எண்ணம் மலைநாட்டில் நெடுநாளாக உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீட்டுத் திண்ணைதோறும் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் அவ்வண்டி, புசல்லாவைக் கடைத்தெருவில் அரிதாகவே கண்ணிற் படும். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கி ஏறவே முழங்கால் நோகும் நாட்டில், சக்கரத்தை மிதித்து மலையேறுவார் யார் என்று கேட்பது இயல்பே. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாமல் நாடு தவித்த மாதங்களில் இக்கேள்வி சற்று ஓய்ந்தது. அதன் பின்னரும் நெடுந்தூரம் வண்டி மிதித்து ஊர் பார்ப்போர் இருக்கின்றனர். ஆனால் அவர்களுட் பலர் மலைப் பயணம் வேறு, கடற்கரைப் பயணம் வேறு என்று பிரித்துக்கொள்கின்றனர். புசல்லாவையின் நடுவே செல்லும் வீதியோ இவ்விரண்டையும் ஒரே இழையாகக் கோத்து வைத்திருக்கின்றது.

பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள செங்கலடியில் முடியும் இவ்வீதி ஏறத்தாழ 276 கிலோமீற்றர் நீளமுடையது. ஏ 5 என்பது அதன் அரசாங்க இலக்கம். மகாவலிக் கரையிலே புறப்பட்டு, மேகம் தவழும் மேட்டைத் தாண்டி, கீழைக் கடலின் அருகே சென்று நிற்கும் வீதி இது. நான்கு நாள் ஒதுக்கக்கூடியவர், நாளொன்றுக்கு எழுபது கிலோமீற்றர் வீதம் இதனை நிதானமாகக் கடந்துவிடலாம்.

கம்பளையை விட்டதும் ஏற்றம் தொடங்குகிறது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் முதன்முதலாகப் பெருமளவிற் கோப்பி பயிரிட்ட சிங்ஹபிட்டிய கம்பளையின் அருகேதான் உள்ளது. புசல்லாவையிலோ, 1841ஆம் ஆண்டளவில் வர்ம்ஸ் சகோதரர் தம் உறவினரின் பெயரால் ரொத்சைல்ட் தோட்டத்தை உண்டாக்கினர். தேயிலை இந்நாட்டின் பெருந்தொழிலாவதற்கு வெகுமுன்னரே சீனத்துத் தேயிலைச் செடியை அங்கு நட்டுப் பார்த்தவர்களும் அவர்களே. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் பாதை மாறவில்லை. தமிழகத்திலிருந்து வந்து, வழிநெடுகப் பலரைப் பறிகொடுத்து, நடந்தே மலையேறியவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே சரிவுகளிற் கொழுந்து பறிக்கின்றனர்.

வண்டி மிதிப்போருக்கு இந்தப் பழங்கதையால் ஆவது என்ன என்று வினவலாம். ஆவது உண்டு. கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் செல்லும்படி சரிவு பார்த்து அமைத்த மலைவீதிகள் செங்குத்தாக ஏறுவதில்லை; வளைந்து வளைந்து, ஒரே அளவாக ஏறுகின்றன. இறம்பொடையிலிருந்து நுவரெலியா வரை ஏறத்தாழ 24 கிலோமீற்றரில் 900 மீற்றர் உயரம் ஏற வேண்டும். அதாவது, நூறு மீற்றர் முன்னே சென்றால் சராசரியாக நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே உயர்கிறோம். சிறிய பற்சக்கரத்திலே சங்கிலியை இட்டு, மூச்சு இரைக்காத வேகத்தில் மிதிப்பவருக்கு இது எட்டாத மலையன்று. அவசரப்படுபவருக்குத்தான் அது மலை. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். இக்கணவாயில் அவருடைய வண்டி, குதிரைக்காரனின் கையில் பள்ளத்தில் உருண்டது. அதனை மீட்க அனுப்பிய யானையை அதே மனிதன் ஏற்றத்தில் ஓட ஓட விரட்ட, அந்தப் பெரிய விலங்கு மாண்டே போயிற்று.

புசல்லாவைக்கு அப்பால் வலப்புறம் பள்ளத்தாக்கு விரிகிறது. 1985இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் அங்கே கிடக்கிறது. வயலும் வீடும் கோவிலுமாக இருந்த ஊர்கள் அதன் அடியில் உள்ளன. நீர் வற்றும் காலங்களிற் பழைய கடதொர விகாரை மேலே தலைகாட்டும். இறம்பொடையில் அருவியின் ஓசையையும், ஆஞ்சநேயர் கோவிலையும் கடந்ததும் 225 மீற்றர் நீளமுள்ள சுரங்கப் பாதை ஒன்று உண்டு. பகலேயாயினும், அதனுள் நுழையுமுன் வண்டியின் பின்விளக்கை ஏற்றிக்கொள்ள வேண்டும். வெயிலிலிருந்து இருளுக்குள் வரும் பஸ் சாரதியின் கண்ணுக்கு விளக்கில்லாத வண்டி தென்படாது.

ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். அஞ்ச வேண்டியது இறக்கத்தையே. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து, ஹக்கலை, வெலிமடை வழியாக, ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கு இறங்கும்போது, ஆளும் வண்டியும் மூட்டையுமாக 85 கிலோகிராம் எடை இழக்கும் ஆற்றல், மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதியது. வேகத்தைக் காற்றுத் தடுக்காத அளவுக்கு மெல்லச் சென்றால், அவ்வெப்பத்தின் பெரும்பகுதி தடையிலும் சக்கர விளிம்பிலுமே இறங்கும். இடைவிடாது தடையை அழுத்திக்கொண்டே வருபவரின் விளிம்பு சுட்டு, உள்ளே காற்றுக்குழாய் வெடிப்பதும் உண்டு. ஆதலின் வளைவுக்கு முன்னரே அழுத்தமாகத் தடையிட்டு, வளைவில் விட்டு, முன்னும் பின்னும் மாறிமாறிப் பயன்படுத்துவதே முறை. தேய்ந்த தடைக்கட்டைகளை நுவரெலியாவிலேயே மாற்றிக்கொள்ளலாம். அங்கே செலவாகும் அரைமணி நேரத்தைப் பற்றி எவரும் பின்னர் வருந்தியதில்லை.

வீதியும் எப்போதும் நம் பக்கம் நிற்பதில்லை. 2025 மே மாதத்தில், இறம்பொடை கெரண்டி எல்ல என்னுமிடத்தில் ஒரு பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து, உயிர்கள் பல போயின, வீதிகள் அறுந்தன. வண்டி மிதிப்போருக்கெனத் தனித்தடம் இல்லாத இவ்வொடுங்கிய வீதியில், விடுமுறை நாட்களை நீக்கி, விடியலிற் புறப்பட்டு நண்பகலுக்குள் அன்றைய தூரத்தை முடிப்பது நல்லது. புறப்படுமுன் அந்தந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்திலோ கடையிலோ வீதியின் நிலையைக் கேட்டறிவது அதனினும் நல்லது.

எப்பருவத்திற் செல்வது என்பதும் எளிதான வினாவன்று. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்து புசல்லாவைப் பக்கம் கொட்டுகிறது. அக்காற்றே மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரம் இழந்து, சூடேறி, மட்டக்களப்பார் கச்சான் என்று கூறும் வறள்காற்றாகிறது. கச்சான் முதுகைத் தள்ளும் நாட்களில் மகா ஓயாவிலிருந்து செங்கலடி வரை வண்டி தானே ஓடும்; ஆயின் தொண்டை வறண்டுபோகும். கார்த்திகை முதல் தை வரை நிலை மாறி, கிழக்கில் மழையும் வெள்ளமும் மிகும். இரு புறத்திற்கும் ஒருங்கே இசைந்த காலம் மாசியும் பங்குனியுமே எனலாம்.

பதுளைக்கு அப்பால், பசறை, லுணுகலை ஆகிய தேயிலை ஊர்கள் வரை மலை தொடர்ந்து வருகிறது. பிபிலையில் அது கைவிடுகிறது. அதன்பின் மரங்கள் மாறுகின்றன, வெப்பம் மாறுகிறது, மொழியும் மெல்லச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாறுகிறது. மகா ஓயாவின் வெந்நீர் ஊற்றுகளருகே கால் நோவு ஆற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து புல்லுமலை, கரடியனாறு வழியே செல்லும் பகுதி காட்டு யானை கடக்கும் வழி. பொழுது சாயுமுன் அதனைக் கடந்துவிட வேண்டும். போர்க்காலத்திற் பல ஆண்டுகள் பொதுமக்கள் செல்ல இயலாது கிடந்த துண்டும் இதுவே. 2007இல் கிழக்கிலே போர் ஓய்ந்த பின்னர்தான் மலையும் கடலும் இவ்வீதியால் மீண்டும் இணைந்தன. இதற்கு முந்திய தலைமுறையில் இவ்வீதியின் இரு முனைகளிலும் வாழ்ந்து, ஒரு முனையார் மறுமுனையைக் காணாமலே இருந்தோர் பலர்.

கரடியனாற்றுக்கு அப்பால் வயல்வெளி. விளைச்சல் காலமாயின், உரமூட்டையையும் மண்வெட்டியையும் பின்னாலே கட்டிக்கொண்டு செல்லும் உழவர்களின் வண்டிகள் எதிரே வரும். மட்டக்களப்பார் வாவிக்கு மேற்கேயுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும், கடலை ஒட்டிய நிலத்தை எழுவான்கரை என்றும் அழைப்பர். ஞாயிறு படும் கரையும் எழும் கரையும். செங்கலடிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், ஏறத்தாழ இருபது கிலோமீற்றரில், நெடுந்தூரம் முழங்காலளவே ஆழமுள்ள பாசிக்குடாக் கடல். வலப்புறம் திரும்பினால் ஏறாவூரைக் கடந்து மட்டக்களப்பு நகர். காற்று அவ்வேளையில் எப்பக்கம் வீசுகிறதோ அதனைப் பார்த்து எவ்வழியையும் தெரிந்துகொள்ளலாம். இரண்டிலும் இனி ஏற்றமில்லை.