காலடியில் இருக்கும் மூடி

(மருத்துவமனை வாகனக் கொட்டகையில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்தக் கொட்டகையில் நிற்கும் பழைய ஜீப் பிக்கப் வண்டியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் இணைக்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த வண்டி இது. தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வருமுன், கிராமத்து நோயாளிகள் பலர் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் வந்து சேர்ந்தார்கள். இதை இனி நீங்கள் கவனிக்கப் போகிறீர்கள். ஆகையால், எங்கள் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1991-இல், நாங்கள் ஊழியத்திற்கு வந்த புதிது. டிரைவர் அண்ணாச்சி விடுப்பில் இருந்தார். சில நாட்களாகவே பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வந்தது. இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிறதே என்று இருந்துவிட்டோம். அன்று பிரசவ வலியில் இருந்த ஒரு தாயை ஏற்றிக்கொண்டு, ஜெபித்துவிட்டுப் புறப்பட்டோம். இறக்கத்தில் மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தோம். ஓரத்து மண்மேட்டில் சாய்ந்து வண்டி நின்றது. மீதி வழியை மாட்டு வண்டியில் கடந்தோம். தாயும் சேயும் நலம். எங்களுக்குத்தான் அன்றிரவு தூக்கம் இல்லை.

மறுநாள் அண்ணாச்சி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரைத் தகட்டிலிருந்த சிறு மூடியைத் திறந்தார். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் அதன் கீழேதான் இருக்கிறது. உள்ளே ஆயில் வற்றிக் கிடந்தது. "ஐயா, போனட்டைத் திறந்து பார்க்கிறவங்க உண்டு. காலடியில இருக்கிறதை யார் பார்க்கிறாங்க?" என்றார்.

இவ்வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் இணைப்புதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் மட்டும் தனியே, பின்பக்கம் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அன்று எங்களைக் காத்தது அதுவே. ஆகவே வாரம் ஒருமுறை அந்த மூடியைத் திறவுங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நின்றுவிடாமல், எங்கே கசிகிறது என்று தேடுங்கள். பிரேக் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். என்ஜின் ஆயில் பட்டால் உள்ளிருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கொண்டு முழுவதும் மாற்றுங்கள். டிரம்மைக் கழற்றினால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி மற்றவை. காலையில் வண்டி ஆறியிருக்கும்போதே, சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பெல்ட்டில் விரிசல் உண்டா என்று தடவிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

வண்டி திக்கித் திணறினால் உடனே கார்பரேட்டரைப் பிரிக்க வேண்டாம். முதலில் பிளக்கையும் பாயிண்டையும் பாருங்கள். பிளக் இடைவெளி சுமார் 0.75 மி.மீ., பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ. இருக்க வேண்டும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். இந்த என்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. வயர் இடம் மாறினால் சரியாக ஓடாது.

ஸ்பிரிங் பட்டை, ஸ்டியரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளில் உள்ள கிரீஸ் நிப்பிள்களைத் துடைத்துவிட்டு, 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். வண்டிக்கு அடியில் போகுமுன் சக்கரத்திற்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இப்போது பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்குவதில்லை. குழாய் பிசுபிசுத்தாலோ பெட்ரோல் வாடை வீசினாலோ அன்றே மாற்றிவிடுங்கள்.

இவை எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், சனிக்கிழமை காலையில் அரைமணி நேரமும் போதும். பார்த்ததைத் தேதியிட்டு எழுதுங்கள். பெடல் ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் எழுதுங்கள். 1991-இல் அப்படி எழுதியிருந்தால் அந்தத் தாயை மாட்டு வண்டியில் ஏற்ற நேர்ந்திராது.

வாருங்கள், அந்த மூடியை இப்போதே திறந்து பார்ப்போம்.