மின் சிக்கனமும் நம் பிள்ளைகளும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குச் செல்லும் நமக்கும், சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள தரவு மையங்களுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். கைப்பேசி வழியே நாம் அனுப்பும் பணமும், பிள்ளைகளின் தேர்வு முடிவும் இத்தகைய மையங்களில் இரவுபகலாக இயங்கும் கணினிகளின் வழியாகவே வந்து சேர்கின்றன. நம் மாவட்டத்துக் காற்றாலைகளும் லோயர்கேம்ப் நீர்மின் நிலையமும் மின்சாரம் வழங்கும் அதே தொகுப்பிலேதான் அம்மையங்களும் இணைந்துள்ளன. ஆகவே, அங்கு வீணாவது நமது மின்சாரமுமாகும்.

கணினி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை அகற்றக் குளிர்பதன இயந்திரங்கள் மேலும் மின்சாரம் உண்கின்றன. மையத்தின் மொத்தச் செலவைக் கணினிகளின் செலவால் வகுத்தால் கிடைப்பதே சிக்கனத்தின் அளவுகோல். அது 1.6 ஆயின், கணினிகளுக்கு 100 யூனிட் அளிக்க மேலும் 60 யூனிட் செலவாகும், 1.2 ஆயின் 20 யூனிட்டே. கணினிகள் மட்டும் 10 மெகாவாட் ஏற்கும் மையத்தில் இவ்வேறுபாடு நாளொன்றுக்கு 96,000 யூனிட்!

வழிகள் எளியவை. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலவாதபடி தடுப்பு அமைத்தல், இடுக்குகளை அடைத்தல், கணினிக்குள் புகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாமென்பதால் வீணே குளிரூட்டாதிருத்தல், பணியின்றி ஓடும் கணினிகளை நிறுத்துதல். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆயினும் நீரைக் குடிக்கும். கோடையில் குடத்தோடு நிற்கும் நாம் அந்தக் கணக்கையும் கேட்க வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. அது மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தாலன்றி நாட்டின் வறுமை நீங்காதென்று 1943இல் அவர் வலியுறுத்தினார். ஊர்த்தெருவில் விளக்கெரிந்த பின்னும் பல்லாண்டுகள் சிம்னி விளக்கில் படித்த நமக்கு அதன் பொருள் நன்கு புரியும்.

தமிழக அரசு 2021இல் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. மையங்கள் பெருகுகின்றன. அங்கே நம் பிள்ளைகள் வாயிற்காவலராகவும் துப்புரவாளராகவும் மட்டும் நுழைவது போதாது. மின்னளவியைப் படித்து, கசிவைக் கண்டு, கணக்கு எழுதும் வல்லுநராக நுழைய வேண்டும். குளிர்பதனம், மின்பணி ஆகிய தொழிற்பிரிவுகள் ஐ.டி.ஐ.களில் உள்ளன, பத்தாம் வகுப்புத் தேறியோர் சேரலாம். அவர்களுக்கு மாலை நேரத்தில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் வகுப்பொன்றை, இவ்வெள்ளி விழாவின் நினைவாகக் கழகம் தொடங்குமாறு வேண்டுகிறோம்.