தலையில் தேங்கும் நீர்



காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதில்லை. மூளையைச் சுற்றியுள்ள சவ்வையும் பிடிக்கும். நம் தலைக்குள் தினமும் சுமார் அரை லிட்டர் நீர் ஊறுகிறது; ஊறியபடியே வடிந்தும் விடுகிறது. காசநோய் அந்த வழியை அடைத்துவிடும். நீர் தேங்கி மூளையை அழுத்தும். விடாத தலைவலி, வாந்தி, மயக்கம் வரும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. “தலையைத் திறப்பதா?” என்று பயப்படாதீர்கள். மண்டையில் சிறு துளைதான் போடுவார்கள். அதன் வழியே மெல்லிய குழாயை வைத்து, தோலுக்கு அடியிலேயே வயிறு வரை கொண்டு போவார்கள். நீர் வயிற்றுக்குள் வடியும். உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பயந்து நாள் கடத்துவதுதான் ஆபத்து. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த அறுவை செய்த 114 பேரைப் பற்றி 1991-இல் எழுதினார்கள். நினைவோடு வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். நினைவு முற்றும் தப்பி வந்தவர்கள் பிழைப்பது அரிதாக இருந்தது.

குழாய் நீரைத்தான் வடிக்கும், கிருமியைக் கொல்லாது. அதற்கு மாத்திரைதான். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை, ஒரு வருடமானாலும், விழுங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.