புது மலைச் சைக்கிளின் மேனி



வீட்டுக்குப் புதுச் சைக்கிள் வந்த நாளை யாரும் எளிதில் மறப்பதில்லை. குழாய்களின்மேல் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதத்தையும் பிளாஸ்டிக் தாளையும் பிரிக்க மனம் வராமல் ஓராண்டுக் காலம் அப்படியே வைத்து ஓட்டியவர்களையும், பாருக்கு வண்ண வண்ணமாக ரெக்ஸின் உறை தைத்துப் போட்டவர்களையும், ஆயுத பூஜையன்று ஒவ்வொரு குழாயையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தவர்களையும் நான் சிறு வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரத்தையை வெறும் ஆடம்பரமென்று ஒருநாளும் நான் கருதியதில்லை. ஆனால், அந்தப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் மழைநீர் புகுந்து, வெளியேற வழியின்றிப் பல நாள் தங்கி, ஒருநாள் தாளைப் பிரித்தபோது புது வர்ணம் கொப்பளித்துத் துருவோடு உதிர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். எதனிடமிருந்து காக்கிறோம் என்பதை அறியாமல் காக்கப் புகுந்ததன் விளைவு அது. ஆகவே, மௌண்டன் பைக் என்று நாம் வழங்கும் மலைச் சைக்கிளின் சட்டத்தைக் கீறலிலிருந்தும் தேய்மானத்திலிருந்தும் காப்பது எப்படி என்று பேச வந்த நான், அதன் சத்துரு யாரென்ற விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் வண்டியின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். இந்த வாகனம் பிறந்த இடம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த மரின் வட்டாரம். அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, ஏறக்குறைய 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கிவிடும் மண்பாதை ஒன்று இருக்கிறது. 1976 அக்டோபர் 21ஆம் தேதி, கனத்த பழைய சைக்கிள்களில் ஏறி, சில இளைஞர்கள் அந்தப் பாதையில் முதன்முதலாகப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் மையத்திலிருந்த கிரீஸ் கொதித்துப் புகைந்து தீர்ந்துபோகும். அதைக் கழற்றிப் புதிய கிரீஸை அடைத்தாலொழிய மறுபடி இறங்க முடியாது. மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. மறு ஆண்டில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் என்பவர், இந்தக் காரியத்துக்கென்றே குரோமோலி எஃகுக் குழாய்களால் ஒரு சட்டத்தைக் கட்டினார். புழுதிக்கும் கல்லுக்கும் நடுவே ஓடுவதற்கென்று பிறந்த வண்டி இது. கீறல் படுமே என்று அஞ்சி இதைப் போர்வை போர்த்தி மூலையில் சார்த்தி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஓட்டிக்கொண்டேதான் காக்க வேண்டும்.

இனி, சத்துருவைப் பற்றி. பெரும்பாலோர் கல்லடிக்கு அஞ்சுகிறார்கள். நான் அஞ்சுவது உரசலுக்கு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே செல்லும் செம்மண் பாதைகளில் என் புதுச் சைக்கிளை மூன்று மாதம் ஓட்டியபின், ஒரு மாலை அதைக் கழுவி ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தேன். ஹாண்டில்பாரிலிருந்து இறங்கிவரும் கியர் கேபிள், முன்குழாயின் பக்கவாட்டைத் தொட்டவாறு போகும். வளைவுகளில் ஹாண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பும்போதெல்லாம் அது ஒரு விரற்கடை தூரம் முன்னும் பின்னும் நகரும். அந்தக் கேபிளைத் தற்செயலாக விலக்கியபோது, அதற்கு அடியில் பிறைவடிவில் ஒரு தடம் தெரிந்தது. அதன் ஓரத்தில் பளபளப்பு மங்கியிருந்தது. உள்ளே நீல வர்ணம் வெளுத்திருந்தது. நட்டநடுவில் அலுமினியம் வெள்ளிக்காசுபோல் பளிச்சிட்டது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் நான் ஒருமுறைகூட விழுந்ததில்லை; அந்த இடத்தில் எந்தக் கல்லும் பட்டதில்லை.

கேபிளின் உறையோ மெத்தென்ற பிளாஸ்டிக். அது எப்படி உலோகத்தை அறுக்கும் என்று சந்தேகம் எழுவது இயல்பே. அறுத்தது இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட மண். மண்ணிலே கலந்துள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம் மோஸ் அளவுகோலில் 7; அலுமினியத்தின் கடினம் அதே அளவுகோலில் 3க்கும் குறைவு. சட்டத்தின்மேல் பூசியுள்ள வர்ணமும் அதற்கு மேலான ஒளிபுகும் பூச்சுமாகச் சேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனந்தான் தேறும். பிளாஸ்டிக் மென்மையாக இருப்பதே இங்கே பெருங்கேடு. ஏனெனில் மணற்பரல்கள் அதில் பதிந்து நின்றுகொள்கின்றன. பதிந்தபின் அந்த உறை, தச்சர் கையிலுள்ள உப்புத்தாளாகவே மாறிவிடுகிறது. சட்டத்தை வேறொரு பொருள் தொடும் இடமெல்லாம், அது சற்றேனும் அசையுமானால், அங்கே ஓர் உப்புத்தாள் இராப்பகலாக வேலை செய்கிறதென்று வைத்துக்கொள்ளலாம். கேபிள்கள் தொடும் இடம், பையின் வார் கட்டிய இடம், மிதிக்கும்போது காலணியின் குதிகால் உரசும் இடம், காரின் பின்னால் சைக்கிளை ஏற்றிக் கட்டும்போது தாங்கியின் கை பிடிக்கும் இடம் ஆகியவற்றைப் புதுச் சைக்கிளின் அருகே குந்தியிருந்து விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் செலவிட்டாலும் தகும்.

கண்டுபிடித்த இடங்களில் ஒட்டுவதற்கு நேர்த்தியான உபாயம் ஒன்று இருக்கிறது. சைக்கிள்காரர்கள் அதை ‘ஹெலிகாப்டர் டேப்’ என்பார்கள். வியட்நாம் போர்க்காலத்தில், ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளுடைய முன்விளிம்பை மணல் அரித்துத் தின்றுவிடாதிருக்கும்பொருட்டுப் பயன்பட்ட, பாலியூரித்தேனால் ஆன ஒளிபுகும் படலம் அது. மணற்பரல் ஒன்று விறைப்பான பரப்பில் மோதினால் அதைச் செதுக்கிவிடும். இழுபட்டு மீளும் பரப்பில் மோதினாலோ, பரப்பு குழிந்து கொடுத்து, மோதலின் வேகத்தைத் தானே வாங்கிக்கொண்டு, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இந்தக் குணத்தால்தான், 0.2 மில்லிமீட்டர் கனமே உள்ள படலம்கூட உலோகம் செய்யாத காவலைச் செய்கிறது. சாதாரண செலோடேப்பை இதற்கு மாற்றாகக் கருதிவிடக் கூடாது. வெயிலில் அதன் பசை இறுகிப்போய், பின்னாளில் உரிக்கும்போது வர்ணத்தையே சேர்த்து இழுத்து வந்தாலும் வரும்.

ஒட்டுவதை முதல் சவாரிக்கு முந்தைய நாளே செய்துவிடுவது உத்தமம். ஒருமுறை புழுதி கண்ட சட்டத்தில் ஒட்டினால், அகற்றப்படாத ஒவ்வொரு துகளும் படலத்துக்கு அடியில் ஒரு புள்ளியாக நின்று காலமெல்லாம் கண்ணை உறுத்தும். முதலில் செய்தித்தாளைக் குழாயின்மேல் வைத்து, தையற்காரர் அளவெடுப்பதுபோல் மாதிரி வெட்டிக்கொண்டு, அந்த அளவில் படலத்தை நறுக்கி, மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்கு உருட்டிவிட வேண்டும். கூரான மூலை முழங்காலிலோ துணியிலோ சிக்கி, அங்கிருந்தே உரியத் தொடங்கும். குழாயைச் சோப்புநீரால் கழுவி, உலர்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப் பசை போய்விடும். அறையின் மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது. நான் ஒரு லிட்டர் தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூ சில துளிகளைக் கலந்து, குழாயின்மேலும் படலத்தின் பசைப்பக்கத்திலும் தாராளமாகத் தெளித்தேன். நனைந்த பசை உடனே பற்றாது. ஆகையால் படலத்தைக் குழாயின்மேல் வழுக்கி நகர்த்தி, சரியான ஸ்தானத்தில் நிறுத்திச் சாவதானமாக வேலை செய்ய முடிந்தது. பிறகு, பழைய ஏ.டி.எம். அட்டையொன்றில் மெல்லிய துணியைச் சுற்றி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தேய்த்தபோது, நீர் முத்து முத்தாக விளிம்பில் வந்து வடிந்தது. வளைவு மிகுந்த இடத்தில் படலம் அடங்காமல் எழும்பினால், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டினால் இசைந்து படியும். ஒரு குமிழி மட்டும் போகாமல் அடம்பிடித்தது. அதை ஊசிமுனையால் குத்தி அமுக்கினேன். ஒருநாள் முழுவதும் தொடாமல் விட்டுவைத்தபின், படலம் இருக்கிற இடம் தெரியவில்லை.

எல்லா இடத்துக்கும் இந்தப் படலம் போதாது. பின்சக்கரத்தை நோக்கிச் செயினுக்கு அருகாகச் செல்லும் குழாய், குலுங்கும் பாதையில் செயினிடம் ஓயாமல் அடிவாங்குகிறது. அங்கே மெத்தை வேண்டும். பின்கியரிலேயே செயினைத் துள்ளவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கிளட்ச் இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் உண்டென்றாலும், அடி குறையுமே தவிர அடியோடு நிற்பதில்லை. பஞ்சர் கடையில் மூலையில் கிடக்கும் பழைய டியூபை நீளவாக்கில் நறுக்கி, சற்று இழுத்துப் பிடித்தபடி அந்தக் குழாயில் சுருள் சுருளாகச் சுற்றி முடித்துவிட்டால், வர்ணமும் பிழைக்கும், கடகடவென்ற ஓசையும் ஒடுங்கும். நம் பெரியவர்கள் கேரியருக்கும் பாருக்கும் டியூப் சுற்றியதில் இருந்த விவேகம் இன்றும் செல்லுபடியாவதே. ஆனால், அதற்கு அடியிலும் நீர் தங்கும் என்பதால், மழைக்காலம் முடிந்ததும் அவிழ்த்து உலர்த்த வேண்டும்.

முன்சக்கரம் வாரியிறைக்கும் கற்கள் போய்த் தாக்குவது, கீழ்நோக்கிச் சரிந்து செல்லும் பெரிய குழாயின் அடிவயிற்றை. அங்கே கனத்த ரப்பர்ப் பட்டையொன்றை ஒட்டிவிட்டால் போதும்.

சட்டம் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தும் ஜாக்கிரதை வேறுபடும். எஃகுச் சட்டத்தில் வர்ணம் பெயர்ந்த இடத்தை அன்றன்றே மூடியாக வேண்டும். வீட்டிலுள்ள நகப்பூச்சு ஒரு சொட்டுக்கூட அவசரத்துக்கு உதவும். அலுமினியம் தன்மேல் தானே மெல்லிய ஆக்ஸைடுத் தோலைப் போர்த்திக்கொள்வதால் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அதன் குழாய்ச் சுவர் மெல்லியதாகையால், உரசலைப் பல ஆண்டு கவனியாமல் விட்டால் சுவரே கரையும். கார்பன் இழைச் சட்டத்தில்தான் கவலை அதிகம். கீறல் மேற்பூச்சோடு நின்றால் குறை அழகுக்கு மட்டும். கருமையான இழைகள் அறுந்து நூல்போல் தலைகாட்டினாலோ, அடிபட்ட இடத்தை நாணயத்தால் தட்டும்போது சுற்றுப்புறத்துக்கு மாறாகச் சத்தம் மந்தமாக ஒலித்தாலோ, அதன்மேல் படலத்தை ஒட்டி மறைப்பது பேராபத்து. ஓட்டுவதை அன்றே நிறுத்தி, விஷயம் தெரிந்தவரிடம் காட்டியே தீர வேண்டும்.

என் சைக்கிளின் அந்தப் பிறைத் தடத்துக்கும் பிராயச்சித்தம் செய்தேன். மண்ணைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நிறமற்ற நகப்பூச்சை இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அதன்மேல் படலத்தை ஒட்டி, கேபிளுக்கும் ஒரு சிறு ரப்பர்க் குழலை மாட்டினேன். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் கேபிளை விலக்கி அதைப் பார்க்கிறேன். பிறை அங்கேயேதான் இருக்கிறது, வளரவில்லை.