கோட்டை இடிந்த தீவுகள்



போரும் அமைதியும் நாடுகளை உருவாக்கிய வரலாறு பேரரசுகளுக்கு மட்டும் உரியதன்று. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் ஓலந்துத் தீவுகளுக்கும் அதில் ஓர் ஏடு உண்டு. 1809 இல் போரில் தோற்ற சுவீடன், பின்லாந்தோடு சேர்த்து இத்தீவுகளையும் உருசியாவிடம் இழந்தது. உருசியா அங்கே எழுப்பிய பொமார்சுண்டு கோட்டை கட்டி முடிக்கப்படும் முன்னரே, கிரிமியப் போரின்போது 1854 இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளால் தகர்க்கப்பட்டது. தீவுகளில் அரண் அமைப்பதையே 1856 ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை தடை செய்தது.

1917 இல் பின்லாந்து விடுதலை பெற்றது. சுவீடிய மொழி பேசும் தீவு மக்களோ சுவீடனோடு மீண்டும் இணையவே விரும்பினர்; கையொப்பம் திரட்டினர். பின்லாந்து 1920 இல் தானாக நீட்டிய தன்னாட்சிச் சட்டத்தையும் ஏற்க மறுத்தனர். 1921 இல் சர்வதேச சங்கம் இறைமையைப் பின்லாந்துக்கே அளித்தது. ஏமாற்றம் சிறிதன்று. ஆயினும் மொழிக்கும் நிலவுரிமைக்கும் உறுதிமொழிகள் எழுத்தில் கிடைத்தன. வாய்ச்சொல்லாக இருந்திருப்பின் இந்நாள்வரை நின்றிருக்குமா என்பது ஐயமே. 1922 இல் அவர்களது நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. தனிக்கொடிக்கோ 1954 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று ஏறத்தாழ 30,000 பேர் வாழும் அத்தீவுகளின் அரசுப் பள்ளிகளில் பயிற்றுமொழி சுவீடியமே. அங்கேயே வளர்ந்த இளைஞர்களுக்குப் பின்லாந்தின் கட்டாயப் படைச் சேவையிலிருந்து விலக்கும் உண்டு.