தத்: ஒரு குடும்பப் பெயரும் நான்கு பாதைகளும்



இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரின் இறுதிச் சொல்லே ஒருவரது சாதியை அறிவித்துவிடுகிறது. வங்கத்தில் ‘தத்’ என்பது பெரும்பாலும் காயஸ்தர் குடும்பங்களுக்குரிய பெயர். அதைத் தாங்கிய நால்வரின் வாழ்க்கையைப் பார்த்தால், பிறப்பால் வரும் பெயர் மனிதரைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும்.

ரமேஷ் சந்திர தத் 1871இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தவர், 1899இல் லக்னோ காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1902லும் 1904லும் வெளிவந்த அவரது இந்தியப் பொருளாதார வரலாறு, கடும் நிலவரி விவசாயியை நசுக்கியதையும் நாட்டின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்ததையும் அரசு ஆவணங்களைக் கொண்டே நிறுவியது. ஆயினும் அவர் கோரியது சீர்திருத்தம், பேரரசின் முடிவையல்ல.

பேரரசின் முடிவைக் கோரியவர் ரஜனி பாமி தத். வங்க மருத்துவருக்கும் ஸ்வீடன் நாட்டுத் தாய்க்கும் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். முதல் உலகப்போரில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றார். இந்தியாவின் வறுமைக்கு மக்கள்தொகைப் பெருக்கம் காரணமல்ல, ஏகாதிபத்தியச் சுரண்டலே காரணம் என்று 1940இல் வெளிவந்த ‘இன்றைய இந்தியா’ நூலில் வாதிட்டார்.

1929 ஏப்ரல் 8 அன்று பகத்சிங்குடன் மத்திய சட்டசபையில் குண்டு வீசியவர் பட்டுகேஸ்வர் தத். எவரையும் கொல்வது அவர்கள் நோக்கமன்று. தொழில் தகராறு மசோதாவையும் பொதுப் பாதுகாப்பு மசோதாவையும் எதிர்த்து முழங்கினர், தப்பியோடாமல் கைதாயினர். அந்தமான் சிறையிலிருந்து மீண்ட பட்டுகேஸ்வர், விடுதலை பெற்ற நாட்டில் வறுமையில் வாழ்ந்து 1965இல் மறைந்தார். பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோர் எரியூட்டப்பட்ட உசைனிவாலாவிலேயே அவரது உடலும் எரியூட்டப்பட்டது.

கல்பனா தத், சூர்யா சென்னின் சிட்டகாங் புரட்சிக் குழுவில் இணைந்து ஆயுள் தண்டனை பெற்றவர். 1939இல் விடுதலையானதும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1943 வங்கப் பஞ்சத்தில் நிவாரணப் பணியாற்றினார். அதே ஆண்டில் பி.சி. ஜோஷியை மணந்து கல்பனா ஜோஷி ஆனார். முதற்பெயர் தந்தை வழி வந்தது. அடுத்தது கணவர் வழி வந்தது. போராட்டம் மட்டுமே அவரே தேர்ந்துகொண்டது.

நால்வருக்கும் பெயர் ஒன்று, நிலைப்பாடுகள் வேறு. எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்பது என்பதைச் சாதியோ குடும்பமோ தீர்மானித்துவிடுவதில்லை. ஆனால் இன்றும் வாடகைக்கு வீடு தருவதற்கு முன் பெயரின் இறுதிச் சொல்லைக் கேட்கும் வழக்கம் ஒழியவில்லை.

1929இன் தொழில் தகராறு சட்டம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அக்கட்டுப்பாட்டை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தியுள்ளது. பட்டுகேஸ்வர் எதிர்த்தது இன்னும் பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறது. அதை எதிர்த்து ஆலை வாயிலில் நிற்கும் தொழிலாளர்களே, அவர்களது குடும்பப் பெயர் எதுவாயினும், அவருடைய வாரிசுகள்.